ஜப்பான் படமும் பாறசாலை மாப்பிள்ளையும்

குன்னத்துகால்
1-2-1993

அன்பு மருமகள் பிந்துவுக்கு, பூதலிங்கம் மாமா எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் யாரிடம் காட்டினாலும் நம்பமாட்டார்கள். என்னை அறிந்தவன் எவனும் நம்பமாட்டான். எழுதுகிற எனக்கே பாதிக்குமேல் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பேனாவில் மை இருக்கிறது, எழுதுகிறேன்.

அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் பார்த்துச் சரி சொல்லாமல் கல்யாணப் பேச்சு நடக்காது என்று உன் அம்மா பகவதி ஒரே பிடியாக நிற்கிறாள். நீ இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதிவரும் சிவபிரசாத், பாறசாலை டுட்டோரியல் காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிறவன், மார்ச் இருபத்தொன்றாம் தேதி உன் லீவில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் அவனறியாமல் ஆளை ஒரு நோட்டம் விட்டுவருவது என் கடமை. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடமைக்காக நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டேன். அங்கே ஃபிலிம் சொசைட்டிக்கு அவன்தான் காரியதரிசி. அன்றைக்கு ஒரு ஜப்பான் படம். 'மழையில் ஒரு காகிதக் கதவு' என்று பேர். உலகத்திலேயே உயர்ந்த பத்துப் படங்களில் ஒன்று என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள்.

போனது நம் சுந்தரதாஸின் ஜீப்பில். ஜப்பான் என்றால் வாள்சண்டை என்று அவனுக்கு ஒரு தீர்மானம். போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி, ஐந்து பேர் போகிற ஜீப்பில் பதினேழு பேரை ஏற்றிவிட்டான். இரண்டு பேர் கல்யாணத்துக்குப் போகிறவர்கள். கல்யாணத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

ஹாலுக்குள் நான் கால்வைத்ததும் நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். ஜரிகை வேஷ்டியும் தோளில் நேரியதும் போட்டிருந்தேன் அல்லவா, விழாவைத் திறந்துவைக்கத் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டிய உத்காடகர் நான்தான் என்று நினைத்துவிட்டார்கள். நான் இல்லையென்று சொல்லுவதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. மாலை விழுந்தபிறகு இல்லையென்று சொல்லுவது மரியாதை இல்லை. குத்துவிளக்கின் முதல் திரியை நான் கொளுத்தினேன். ஜப்பான் நாட்டுக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவுக்கும் உள்ள உறவை முறைப்படித் திறந்துவைத்தேன்.

பிறகு ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிப் படத்தைப் போட்டார்கள். மூன்று மணி பத்து நிமிஷம். ஒரு கிழவன், ஒரு வீடு, ஒரு காகிதக் கதவு, மழை. கிழவன் மகனுக்காகக் காத்திருக்கிறான். கதவில் ஒரு ஓட்டை விழுகிறது. ஒட்டுகிறான். இன்னொரு ஓட்டை விழுகிறது. அவன் பசை காய்ச்ச ஆரம்பித்தபோது ஹாலுக்கு வெளியே பலாமரத்தில் பிஞ்சாக இருந்த காய், அவன் காய்ச்சி முடிப்பதற்குள் பழுத்து விழுந்த சத்தத்தை நான் காதால் கேட்டேன். நூற்றுப்பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் மிச்சம். அதில் எட்டுப்பேர் குறட்டை. எட்டும் எட்டு சுருதி.

முடிந்ததும் விளக்கைப் போட்டு, உத்காடகர் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்றார்கள். நான் பொய் சொல்லத் தயாராகத்தான் எழுந்தேன் பிந்து. என்னைத் தெரியுமே உனக்கு. ஆனால் மூன்று மணி நேரம் வெந்த உடம்பில் பொய் ஊறவில்லை.

"படம் உசந்த படமாக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா எனக்குப் பிடிக்கல்ல. மொவன் வருவானா மாட்டானான்னு மூணு மணிக்கூரு நானும் கெழவன்கூட காத்திருந்தேன். வந்தான். வந்தவன் ஒரு வார்த்த பேசாம கதவத் தொறந்து உள்ள போனான். தீந்துது. இதுக்கா காத்திருந்தோம்?"

அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் தூங்கி எழுந்த சுந்தரதாஸ் உரக்கக் கேட்டான்: "அண்ணாச்சி, இதுல நம்ம பிந்துவுக்குப் பாத்திருக்க பையன் ஏதாக்கும்?"

மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையனின் முகம் வெள்ளைத் திரைபோல ஆயிற்று. அவன்தான். நன்றியுரை அவனுடையது, சொல்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

மற்றபடி ஆள் நல்ல ஆள் என்று தோன்றுகிறது. காதுகள் கொஞ்சம் பெரிது.

உன் மாமா,
பூதலிங்கம்


சென்னை
6-2-1993

மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் அவருடைய கார்டும் ஒரே நாளில் வந்தன. கார்டில் நாலே வரி. "தங்கள் மாமா வந்திருந்தார். பேசினார். மார்ச் இருபத்தொன்றுக்கு நான் வருவது இப்போதைக்கு இருக்கட்டும். காரணம் எழுதத் தெரியவில்லை."

எனக்குத் தெரியும் காரணம். அது ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் படத்தைப் பற்றி அவர் நாற்பது பக்கத்தில் கட்டுரை எழுதினவர். சொசைட்டி மலரில் வந்த அந்தக் கட்டுரைக்கு நான் ஒரு வாசகர் கடிதம் போட்டேன். அதற்கு அவர் பதில் போட்டார். இரண்டு வருஷமாக இப்படி எழுதி எழுதித்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். நேரில் பார்த்ததில்லை. போட்டோகூட மாற்றிக்கொள்ளவில்லை. முகம் தெரியாமல் ஒருத்தரைத் தெரிந்துகொள்வதே பெரிய விஷயம் என்று அவர் எழுதினார், என் போட்டோ எதுவும் சரியில்லாததால் நானும் ஒப்புக்கொண்டேன். அந்தப் படத்தின் பிரிண்டுக்காக எட்டு வருஷம் மனு எழுதி, இங்கே சென்னையில் உள்ள ஜப்பான்காரர்களின் ஆபீஸிலிருந்து இந்த வருஷம்தான் வரவழைத்தார். எட்டு வருஷம் காத்திருந்து திறந்த படத்தை நீங்கள் திறந்துவைத்த கையோடு மூடியும் விட்டீர்கள்.

நீங்கள் பொய் சொல்லி எத்தனையோ காரியம் கெட்டிருக்கிறது. நிஜம் சொல்லிக் கெட்டது இதுதான் முதல்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உடனே எனக்காக வாங்கிவைத்திருக்கும் திருப்புறத்து ஓவர்சீயர் ஜாதகத்தை எடுப்பாள். நேரே பாறசாலைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பலாப்பழம் விழுந்த கதையெல்லாம் அங்கே வேண்டாம்.

பிந்து


குன்னத்துகால்
11-2-1993

அன்பு மருமகளுக்கு,

மன்னிப்புக் கேட்கப் போனேன். நம் வம்சத்தில் இதற்குமுன் யாரும் கேட்டதில்லை என்பதால் எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஆளில்லை. வெறுங்கையோடு போகக்கூடாதென்று இரண்டு கிலோ நேந்திரங்காய் வற்றல் வாங்கிக்கொண்டேன். பாறசாலைக்கு நடந்தே போனேன். மூன்று நாள் ஆயிற்று. சரி, பஸ்ஸில்தான் போனேன்.

டுட்டோரியல் காலேஜ் மத்தியானம் விட்டிருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி, அதன்மேல் அவன். உள்ளே ஜப்பான் படம், ஆறு தகர டப்பா. அடுத்தபடியாகக் காட்டாக்கடை சொசைட்டிக்காரர்கள் வாங்கிப்போக வேண்டியதாம். என் உரையைக் கேள்விப்பட்டு, தங்கள் ஊருக்கு அது வேண்டாம் என்றுவிட்டார்களாம். பேரும் புகழும் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது பார்.

நான் நேரியதைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் பேசியது தப்பு, படம் கண்டிப்பாக நல்ல படம், எனக்குத்தான் எட்டவில்லை என்று சொன்னேன். அவன் எழுந்துநின்று என்னை உட்காரவைத்தான். பிறகு அவன் சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் அப்படியே எழுதுகிறேன். இதில் கை வைக்க எனக்கே மனசு வரவில்லை.

"மாமா, எனக்கும் பிடிக்கல்ல."

படத்தை அன்றைக்குத்தான் அவனும் முதல்முதலாகக் கண்டானாம். நாற்பது பக்கமும் புஸ்தகத்தில் படித்ததை வைத்து எழுதினது. யாரோ எழுதியிருந்த மழையை இவன் மனசுக்குள் பெய்யவைத்திருக்கிறான், யாரோ எழுதியிருந்த கதவை இவன் ஒட்டியிருக்கிறான். எட்டு வருஷம். தினம் வகுப்பு முடிந்து பஸ்ஸில் போகும்போது அந்தப் படம் உள்ளே ஓடுமாம்.

"எனக்க மனசுல ஓடின படம் இது இல்ல மாமா. அது இதவிட நல்லா இருந்து. இப்ப இதக் கண்ட பொறவு அதும் ஓடமாட்டேங்குது. ரெண்டும் போச்சு."

அது சினிமாதானே, போகட்டும், பெண் பார்க்க வருவதற்கு என்ன என்று கேட்டேன். அவன் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"பிந்துவயும் நான் கண்டதில்ல. எழுத்து மட்டுந்தான் கண்டிருக்கேன். அவ மனசுல ஓடிட்டே இருக்கா. கண்டு, அதும் இப்பிடி ஆயிட்டுன்னா? அவளுக்கு என்னக் கண்டு அப்பிடி ஆயிட்டுன்னா?"

பிந்து, எனக்கு எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு என்று நீ அறிவாய். அன்றைக்கு மட்டும், கொண்டுபோன வற்றல் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இரண்டு கிலோவையும் தின்று முடித்தோம். ஜப்பான் படம்போலவே இருந்தது.

இனி என்ன செய்யவேண்டும் என்று எழுது.

மாமா


சென்னை
15-2-1993

மாமாவுக்கு,

ஒன்றும் செய்யவேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. நான் என்ன மூன்று மணி பத்து நிமிஷப் படமா, பிடிக்காவிட்டால் எழுந்துபோக? இரண்டாம் தடவை படித்தபோது அழுதேன். மூன்றாம் தடவை படித்தபோது பயமாக இருந்தது. ஏனென்றால் அவர் பயப்படுவது நியாயம்தான்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள். அந்த நாற்பது பக்கத்தில் நான் படித்தது ஒன்பது பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், கிழவன் மகனுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அதைத்தான் வாசகர் கடிதமாக எழுதினேன். அதை அவர் ஆழமான விமர்சனம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு விடவா முடியும்? எனக்குப் பாட்டுள்ள படம்தான் பிடிக்கும். ஆறு பாட்டுக்குக் குறைந்தால் ஏதோ குறைகிறதுபோல இருக்கும். இரண்டு வருஷத்தில் அதை ஒரு வரிகூட அவருக்கு எழுதவில்லை. கடிதத்தில் இருக்கிற பிந்து அமைதியானவள். யோசித்துப் பேசுகிறவள். எனக்கே அவளைப் பிடிக்கும். நான் அவள் இல்லை.

அம்மாவிடம் நானே எழுதிவிடுகிறேன். ஓவர்சீயர் என் கடிதம் எதையும் படித்ததில்லை, அதனால் எதையும் எதிர்பார்க்கமாட்டார். மார்ச் இருபத்தொன்றுக்கு அவர்களையே வரச்சொல்லட்டும்.

நீங்கள் பாறசாலைக்குப் போகவேண்டாம். யாரையும் பார்க்கவேண்டாம். யாருக்கும் மாலை போடவோ கழட்டவோ வேண்டாம். இது என் விஷயம்.

பிந்து


குன்னத்துகால்
22-2-1993

அன்பு மருமகளுக்கு,

நீ ஒன்றும் செய்யவேண்டாம் என்று எழுதினாய். நான் ஒன்றும் செய்யவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சில காரியங்கள் தாமாக நடந்தன.

முதலாவது, பாறசாலையில் எனக்கு ஒரு சாமான் வாங்க இருந்தது. என்ன சாமான் என்று இப்போது ஞாபகமில்லை. இரண்டாவது, பஸ் டுட்டோரியல் காலேஜ் வாசலில் பழுதாகி நின்றுவிட்டது. மூன்றாவது, அந்தப் பச்சைப் பெட்டியைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பவேண்டிய கெடு இந்த மாதம் முடிகிறது. பார்சலில் போடுவதாக இருந்தான். நான், இந்தக் காலத்தில் பார்சல் வண்டியில் இடவப்பாதிப் பருவமழைபோல ஒழுகுகிறது, திருவனந்தபுரத்திலிருந்து போன ஒரு யானையே நனைந்து ஆடாகப் போய்ச் சேர்ந்ததாகப் பேச்சு, ஜப்பான்காரன் படம் நனைந்தால் இரண்டு நாட்டுக்கும் மனஸ்தாபம், ஆகவே காரியதரிசி என்ற முறையில் நீ கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை என்றேன். நாலாவதாக ஒரு விஷயமும் சொன்னேன். அது இங்கே அவசியமில்லை.

வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் மெயில் ஏறுகிறான். சனிக்கிழமை காலை சென்ட்ரல். எஸ் ஆறாம் பெட்டி. பச்சை டிரங்கு, மூடியில் வெள்ளை எழுத்து. ஒற்றை ஆளால் தூக்கமுடியாது.

நீ ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம். நீ சொன்னபடி நான் ஒன்றும் செய்யவில்லை. நான் சொல்கிறபடி நீயும் ஒன்றும் செய்யாதே. வண்டி ஏழேகாலுக்கு வந்துவிடும், சில நாள் முன்னாலேயே வருவதும் உண்டு.

உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் வந்து சேரவில்லையாம். தபால்காரர் அதைத் தெரியாத்தனமாக என் கையில் கொடுத்துவிட்டார்.

மாமா


சென்னை
3-3-1993

மாமாவுக்கு,

போனேன். உங்களோடு சண்டை போட ஏதாவது புது விஷயம் கிடைக்கும் என்றுதான் போனேன்.

பெட்டியை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். அதன்மேல் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். காதைப் பற்றி நீங்கள் எழுதியது குறைச்சல். நான் நினைத்துவைத்திருந்த ஆள் உயரம். குரல் கனம். இவர் வாயைத் திறந்து, "பிந்துதானே? நான் சிவபிரசாத்தாக்கும்" என்றபோது அது மூக்கிலிருந்து வந்தது. கடிதத்தில் அந்த 'ஆக்கும்' ஒரு தடவைகூட வந்ததில்லை.

போர்ட்டர் பெட்டியைத் தூக்கி எடை பார்த்துவிட்டு இல்லாத ரேட்டெல்லாம் சொன்னான். நான் பத்து நிமிஷம் அவனோடு நின்று சத்தம்போட்டேன். திரும்பினால் இவர் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். "நீங்க இப்பிடிப் பேசுவியன்னு எனக்குத் தெரியாது" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, அவருக்குள் ஓடிக்கொண்டிருந்த படம் அறுந்துவிட்டதென்று.

பிறகு பெட்டியோடு ஆட்டோவில் ஏறி அந்த ஆபீஸுக்குப் போனால் பூட்டு. சனி ஞாயிறு லீவாம். எட்டு வருஷம் அவர்களுக்கு மனு எழுதினவருக்கு இது தெரியவில்லை. பெட்டியை எங்கள் ஹாஸ்டல் வாசல் அறையில் வைத்தோம். வார்டன் அம்மா உள்ளே என்ன என்று கேட்டார்கள். "மழ" என்றார் இவர். வார்டன் அம்மாவுக்குத் தெரிந்த மலையாளம், தமிழ் இரண்டிலும் அதற்குமேல் கேட்கவில்லை.

மத்தியானம் எங்கே போவதென்று தெரியவில்லை. வெயில். எதிரே ஒரு தியேட்டர். சண்டையும் பாட்டுமாக ஒரு படம். ஏழு பாட்டு. நான் மரியாதைக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நாலாவது பாட்டில் பார்த்தால் இவர் காலால் தாளம் போடுகிறார். நான் பார்த்ததைப் பார்த்ததும் காலை நிறுத்திவிட்டார். ஐந்தாவது பாட்டில் நான் போட்டேன். ஆறாவதில் அவர் விசிலடித்தார் மாமா. நல்ல விசில். பக்கத்து வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். "இத மலருல எழுதிரப்பிடாது" என்றார்.

வெளியே வந்து காப்பி குடிக்கும்போது நேராகக் கேட்டுவிட்டேன், ஏமாந்துவிட்டீர்களா என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்து, நிஜமாகவே யோசித்தார். "கொஞ்சம்" என்றார். எனக்கும் கொஞ்சம் என்றேன். கடிதத்தில் எழுதின ஆள் வரவில்லை, அவருக்குப் பதிலாக வேறு யாரோ வந்திருக்கிறார் என்றேன். தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றார். பிறகு, "ஒரு காப்பிகூட குடிப்பமா?" என்று கேட்டார். எனக்கு எழுந்து போக மனசில்லை.

திங்கட்கிழமை பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். அன்றைக்கே ஊருக்குப் போகவேண்டியவர், டிக்கெட்டைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார். நான் கேட்கவில்லை.

மார்ச் இருபத்தொன்றுக்குப் பாறசாலைக்காரர்கள் வருவார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தாய்மாமன் பார்த்துச் சரி சொல்லியாயிற்று என்றும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். வரமாட்டேன் என்றிருந்தவரை வண்டி ஏற்ற நீங்கள் நாலாவதாகச் சொன்னது என்ன? அவரிடம் மூன்று தடவை கேட்டேன். "அத மாமாகிட்ட கேட்டுக்கிடுங்க. எனக்க வாயால வராது" என்கிறார்.

பிந்து


குன்னத்துகால்
8-3-1993

அன்பு மருமகளுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஓவர்சீயர் ஜாதகம் திருப்புறத்துக்குத் திரும்பிப் போயிற்று.

நாலாவதாகச் சொன்னது என்ன என்று கேட்கிறாய். சொல்கிறேன். அன்றைக்கு நான் சிவபிரசாத்தின் காலேஜ் வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தேன். இருபத்தைந்து நிமிஷம் நீடித்தது. பாறசாலை முழுதும் கடையடைப்பு. ரயில்கள் நின்றன. நெய்யாற்றின்கரையிலிருந்து ஐந்து யானைகள் வந்து என் பின்னால் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாகத் தும்பிக்கையை உயர்த்தி அவனிடம் நியாயம் கேட்டன. ஜப்பான் சக்கரவர்த்தி தந்தி அடித்தார். கலெக்டர் எலுமிச்சம்பழச் சாற்றோடு வந்து, "பூதலிங்கம், உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஜில்லா தாங்காது" என்று கண்கலங்கினார். நான் எழுந்து, ஏழு மணி நேரம் அந்தப் பையனுக்கு உபதேசம் செய்தேன். கேட்டுக்கொண்டிருந்த சுந்தரதாஸ் சந்நியாசியாகப் போய்விட்டான்; ஜீப்பை விட்டுப்போக மனசில்லாமல் சாயங்காலம் திரும்பி வந்தான்.

அதற்கு நடுவில், யானைகள் கொஞ்சம் அமைதியானபோது, இன்னொன்றும் சொன்னேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் உன் மாமியைப் பெண் பார்க்கக் காட்டாக்கடைக்குப் போனது. பெண் பாடுவாள், வீணைபோல இருப்பாள் என்று தரகர் ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி, நான் ராத்திரி பகலாக ஒரு வீணையை நினைத்துக்கொண்டு திரிந்தேன். போய் உட்கார்ந்தேன். அவள் வெளியே வந்தாள். என்னைவிட அரைச்சாண் உயரம். பாடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்து, "அந்த நாற்காலிக்கு ஒரு கால் கெடையாது, பாத்து இரிங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நான் தரையில் இருந்தேன். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று ஒரு பெரிய ஏமாற்றம். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் அதைச் சொன்ன குரல் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்து, வாயில் இருந்த உமிக்கரி எல்லாம் சட்டையில். அன்றைக்கே சம்மதம் என்று ஆள் அனுப்பினேன்.

யானை, தந்தி, கலெக்டர் எல்லாம் பொய். இது ஒன்று மட்டும் மெய். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு பிந்து. அன்றைக்கு நான் விழுந்தது அவள் அழகைக் கண்டு மயங்கித்தான் என்று உன் மாமியை இத்தனை வருஷமாக நம்பவைத்திருக்கிறேன்.

உன் மாமா,
பூதலிங்கம்